நாலு அங்குலம்

காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்னாலேயே ஒரு சுற்றுப் பயந்துவிடுவது சைஸக்காவின் வழக்கம். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட அது தவறியதில்லை. அவள் புருஷன் வெல்டர். ஜன்னல் கம்பிக்கும் வாசல் கேட்டுக்கும் பற்ற வைக்கிற வெல்டராக இருந்தால் அவளும் மற்றப் பெண்களைப் போல விலைவாசிக்கு மட்டும் பயந்துகொண்டு நிம்மதியாக இருந்திருப்பாள். இவனோ மண்ணுக்கு அடியில் ஓடுகிற பெரிய தண்ணீர்க் குழாய்களுக்குள் குனிந்து நடந்து போய், துருப்பிடித்த இடத்தை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்ற வைத்துவிட்டு வருகிறவன். தண்ணீரை நிறுத்தி, குழி தோண்டி, குழாயில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் துளை போட்டு உள்ளே இறக்குவார்கள். அவன் மேலே வரும்வரை இவளுக்கு உயிர் உயிராக இருக்காது.

"பயமா இருக்குங்க" என்று அவள் சொன்னால் அவன் சிரிப்பான்.

"எதுக்குப் பயம்? குழாய்க்குள்ள வெயில் இல்ல, மழை இல்ல, எங்க அக்கா இல்ல. சொர்க்கம்டி அது."

"என் காது இன்னும் செவிடாகலடா" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். அவனுடைய அக்கா, சைஸக்காவுக்கு நாத்தனார், அவர்களோடுதான் இருந்தாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். வாய் கொஞ்சம் நீளம். பரிமாறுகிற கை அதைவிட நீளம், கேட்பதற்கு முன்னால் தட்டில் சோறு விழும். வீட்டில் மூன்றே பேர். இரண்டு பெண்கள் பயந்துகொண்டிருக்க, ஒரு ஆண் ஜோக்கடித்துக்கொண்டிருப்பான். குடித்தனம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

சைஸக்கா வேலை பார்த்தது ஒரு வீடியோ கடையில். கடைத்தெருவில் மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. ஒரு ஜன்னல், இரண்டு கம்ப்யூட்டர், சுவரோரம் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் பழைய டேப்புகள். யார் எந்தப் படத்தைக் கொண்டு வந்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "என்ன சைஸ்ல வேணும்? எதுல போட்டுப் பாக்கப் போறீங்க?" என்பதுதான். டிவியிலா, போனிலா, மண்டபத்துத் திரையிலா? போன் என்றால் படுக்க வைத்தா, நிமிர்த்தியா? வந்தவர்கள் முழிப்பார்கள். "நல்லா வரணும், அவ்ளோதான்" என்பார்கள். நல்லா வருவது எதில் இருக்கிறது என்று அவர்களுக்கு உட்கார வைத்துப் பாடம் நடத்துவாள். இப்படித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஐம்பது வயது முதலாளிகூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சூடு இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணப் படத்தை அளவு பார்க்காமல் போட்டுவிட்டாள். பழைய ரெக்கார்டரில் எடுத்த படம் அது. படம் என்பது புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளிதான் பிக்சல். அது சதுரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பழைய ரெக்கார்டர்களில் அது சதுரமில்லை. எழுநூற்றிருபது புள்ளி அகலத்துக்குப் பதிவாகியிருந்தால், காட்டும்போது எழுநூற்று அறுபத்தெட்டுக்கு இழுத்துக் காட்ட வேண்டும். அகலத் திரைக்கு எடுத்ததென்றால் இன்னும் இழுக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது என்று சில சமயம் பைலில் எழுதியிருக்கும், சில சமயம் எழுதியிருக்காது. எழுதாத பைல் ஒன்றை இவள் அளவுக்கு மேல் இழுத்துவிட, மண்டபம் நிறைந்த கூட்டத்தில் கல்யாணப் பெண் பீப்பாய் மாதிரி நடந்து வந்தாள். பெண்ணின் அம்மா மறுநாள் கடைக்கு வந்து, மூன்று மாடி ஏறின மூச்சு அடங்குவதற்குள், "என் பொண்ணை இப்படிப் பூசணிக்காயா ஆக்கிட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து அவள் தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டாள். பைல் என்ன சொன்னாலும் நம்பமாட்டாள். படத்துக்குள் உருண்டையாக இருக்கிற ஏதாவது ஒன்றைத் தேடுவாள். கார் சக்கரம், சாப்பாட்டுத் தட்டு, சுவர்க் கடிகாரம். அது திரையில் உருண்டையாகத் தெரிகிறவரை அளவை மாற்றுவாள். உருண்டை உருண்டையாகிவிட்டால் மனுஷர்களும் மனுஷர்களாகிவிடுவார்கள். இத்தனை வருடத்தில் அந்த வழி அவளை ஒரு தடவையும் கைவிடவில்லை.

குழாய்க் கம்பெனியின் வேலையும் அந்தக் கடைக்குத்தான் வரும். ஆள் இறங்குவதற்கு முன்னால் ஒரு சின்னத் தள்ளுவண்டியில் கேமராவைக் கட்டி உள்ளே விடுவார்கள். வண்டியை ஓட்டுகிறவனுக்கு டிராலி என்றே பெயராகிவிட்டது. நல்ல தாட்டியான ஆள், முப்பது வயது, கல்யாணமாகவில்லை என்ற கவலை தவிர வேறு கவலை தெரியாதவன். அவன் கொண்டு வரும் படத்தை இவள் கம்பெனி கேட்கிற பெரிய அளவுக்கு மாற்றி, இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு, அடி வாரியாகக் குறிப்புப் போட்டுக் கொடுப்பாள். என்ஜினீயர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஆள் இறங்கலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றாவது நாளாக மழை. டிராலி தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"அக்கா, நாப்பதடி இருக்கு. வியாழக்கிழமை உங்க வீட்டுக்காரர் எறங்கப்போற குழாய். அந்த மண்மேடு இருக்குல்ல, அதுக்கு நேர் அடியில."

அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக்குப் பின்சந்து முடிகிற இடத்தில்தான் அந்தக் குழி. பக்கத்தில் மாடிக் கட்டிடம் கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்துக்குத் தோண்டின மண்ணையெல்லாம் ஆறு மாதமாகக் குழாய் போகிற பாதையில் கொட்டிக் குவித்திருந்தார்கள். இப்போது மழையில் ஊறி அது கறுத்துக் கிடந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்கு வருவாள். "இந்த மேடு நேத்திக்கு இருந்ததைவிட இன்னிக்கு ஒசந்த மாதிரி இருக்குடி" என்று நாத்தனார் காலையில்தான் சொல்லியிருந்தாள்.

"ரெக்கார்டர் பழசுதானே?" என்று கேட்டாள்.

"பழசு சர்வீசுக்குப் போயிடுச்சு. இது வேற. நான் வரேங்க்கா, இன்னும் ரெண்டு எடம் போகணும்."

அவன் படியிறங்கின சத்தம் ஓய்ந்ததும் படத்தைத் திறந்தாள். எழுநூற்றிருபது, எப்போதும் போல. இழுப்பு எவ்வளவு என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. வழக்கமான இழுப்பைப் போட்டாள். இருட்டுக்குள் விளக்கொளி போய் விழுந்தது. ஈரம் மினுங்கும் சுவர், துருக் கறை, வளையம் வளையமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும் குழாய். அந்த வளையம் உருண்டையாக இல்லை. மேலேயிருந்து யாரோ உள்ளங்கையை வைத்து மெதுவாக அமுக்கினது மாதிரி, கொஞ்சம் படுத்திருந்தது.

வண்டி பத்தடி போனது, இருபதடி போனது, நாற்பதடி முடிந்தது. எல்லா இடத்திலும் அப்படியே.

கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு டிராலி சொன்னது நினைவுக்கு வந்தது. ரெக்கார்டர் வேறு. புதுசு என்றால் புள்ளி சதுரமாக இருக்கும். சதுரப் புள்ளியைப் போய் இழுத்தால் உருண்டை படுக்கத்தானே செய்யும்? இழுப்பை எடுத்துவிட்டு, சதுரம் என்று போட்டாள். வளையம் இரண்டு பக்கமும் உள்ளே வந்தது. உருண்டையானது. பென்சிலும் நூலும் வைத்து வரைந்தது போல அப்படி ஓர் உருண்டை. 

அவளுக்கு மூச்சு வந்தது. டிராலியைக் கூப்பிட்டு அது என்ன ரெக்கார்டர் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தாள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான், மழை வேறு. வைத்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் வேலையை முடித்தாள்.

மறுநாள் மத்தியானம் என்ஜினீயர் கடைக்கே வந்தார். ஒல்லியாக, எதையும் இரண்டு தடவை துடைத்துவிட்டுத் தொடுகிற மனிதர். கண்ணாடித் தாள் ஒன்றைச் சுருட்டிக் கொண்டு வந்திருந்தார். அதில் வட்டம் வட்டமாகக் கோடு போட்டிருக்கும். படத்தை நிறுத்தி நிறுத்தி, அந்தத் தாளைத் திரை மேல் வைத்துப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சைஸக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர்தானே எறங்கறாரு?"

"ஆமா சார்."

"மேல அவ்ளோ மண்ணு கெடக்கே, அமுங்கியிருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். அகலத்துக்கும் ஒசரத்துக்கும் ரெண்டு அங்குலம் வித்தியாசம் இருந்தாக்கூட உள்ள முட்டுக் குடுக்காம வெட்டவே கூடாது, வெட்டினா மேல இருக்கற மண்ணு எறங்கிடும். முட்டுன்னா மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் பாதி ஊருக்குத் தண்ணி கெடையாது." தாளை இன்னொரு இடத்தில் வைத்தார். "பாருங்க, முடி அளவுகூட விலகல. வட்டம்னா இதுதாம்மா வட்டம்."

"பக்கத்துல போய் அளக்க மாட்டீங்களா சார்?"

"ஆள் போய் அளக்கக் கூடாதுன்னுதானே கேமராவை விடறோம்?" என்றவர் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. வெல்டர் நாலு ரொட்டியும் இரண்டு முட்டையும் தின்றுவிட்டு, தோள்பையில் முகமூடிக் கண்ணாடியைத் திணித்தான். சைஸக்கா வாசல்வரை வந்தாள்.

"குழாய் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்றாள். 

"நீதானே படம் போட்டே. உன் படத்துல நல்லா இல்லாம போகுமா?" என்றான். "வரும்போது குழாய்த் தண்ணி ஒரு பாட்டில் கொண்டு வரேன், அக்காவுக்கு. வாயைக் கழுவிக்கட்டும்."

"நீ வாடா, நான் உன் வாயைக் கழுவறேன்" என்றாள் நாத்தனார்.

பத்தரை மணிக்கு டிராலி கடைக்குள் நுழைந்தான். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரின தலை. அவனுக்கு அன்று விடுமுறை.

"அக்கா, ஒரு உதவி. பொண்ணு வீட்டுக்கு போட்டோ அனுப்பணும். என்கிட்ட இருக்கற போட்டோ எல்லாத்துலயும் மூட்டை மாதிரி இருக்கேன். செவ்வாய்க்கிழமை கேமராவை டெஸ்ட் பண்ணும்போது என் மூஞ்சி பதிவாயிருக்கு, அதை ரெக்கார்டர்ல போட்டுப் பாத்தேன், சுமாரா இருந்துச்சு. நீங்க கொஞ்சம் அழகு பண்ணிக் குடுங்க."

"அழகுக்கு நான் எங்கடா போவேன்" என்று சிரித்தபடி அவன் நீட்டின பைலை வாங்கித் திறந்தாள். செவ்வாய்க்கிழமை போட்ட அளவு அப்படியே இருந்தது: சதுரம். குழிக்கு வெளியே, மழைக்குக் கட்டின தார்ப்பாய்க்குக் கீழே டிராலி நின்றுகொண்டிருந்தான்.

"அட!" என்றான் இவன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. "அக்கா, ஒல்லியா இருக்கேனே! முகம்கூட நீளமா வந்திருக்கு. இப்படியே வச்சிருங்க. எதையும் தொடாதீங்க."

அவள் சிரிக்கவில்லை. படத்தில் அவன் கையில் வண்டியின் மாற்றுச் சக்கரம் ஒன்று இருந்தது. கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். பழக்க தோஷத்தில் அவள் கண் நேராக அதற்குத்தான் போனது. சக்கரம் உருண்டையாக இல்லை. முட்டையை நிற்க வைத்தது போல உயரமாக இருந்தது.

"டிராலி, இது எந்த ரெக்கார்டர்ல எடுத்தது?"

"அதே ரெக்கார்டர்தான். குழாய் எடுத்தது."

"அது புதுசுன்னு சொன்னியே."

"வேறன்னு சொன்னேன். டப்பாதான் வேற. பழசு மாதிரியே ஒண்ணு குடுத்திருக்காங்க. மாடல் அதேதான். ஏன்க்கா?"

வழக்கமான இழுப்பைப் போட்டாள். சக்கரம் உருண்டையானது. படத்து டிராலி, பக்கத்தில் நின்றவனைப் போலவே தாட்டியானான். அப்படியென்றால் சக்கரம் சரி, மனுஷன் சரி, குழாய்தான் சரியில்லை. முதலில் அவள் பார்த்ததுதான் நிஜம். அமுங்கின குழாயைத் தன் கையால் உருட்டி உருண்டையாக்கிக் கொடுத்திருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குள்தான் அவள் புருஷன் இப்போது வெட்டிக்கொண்டிருக்கிறான்.

"மணி என்ன?" என்றாள். அவள் முன்னாலேயே திரையில் மணி இருந்தது.

"பத்து நாப்பது. அக்கா, என்னாச்சு? மூஞ்சி ஏன் இப்படி..."

வெல்டரின் போன் அணைந்திருந்தது. குழிக்குள் இறங்குகிறவர்கள் போனைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். குழியருகே நிற்கிற மேஸ்திரியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஜெனரேட்டர் இரைச்சலில் அது எங்கே கேட்கப்போகிறது? என்ஜினீயர் எடுத்தார்.

"சார், வேலையை நிறுத்தச் சொல்லுங்க சார். குழாய் உருண்டை இல்ல."

"யாரும்மா?"

"படம் போட்டுக் குடுத்தவ சார். வீடியோ கடை. படத்துல புள்ளி சதுரமில்ல சார், நான் சதுரம்னு போட்டுட்டேன்."

"என்ன புள்ளி? குழாய்ல புள்ளியா? பொத்தலா?"

"பொத்தல் இல்ல சார்..." எட்டு வருடமாக ஊருக்கெல்லாம் உட்கார வைத்துச் சொல்லித்தந்த பாடம் இப்போது நாக்கில் வரவில்லை. "சார், குழாய் அமுங்கியிருக்கு. படுத்திருக்கு. நீங்க பாத்த வட்டம் வட்டமே இல்ல. நான்தான் உருட்டிக் குடுத்துட்டேன்."

"எவ்ளோ?" என்றார்.

அவள் கணக்குப் போட்டாள். எழுநூற்றிருபதுக்கு நாற்பத்தெட்டு. அறுபது அங்குலக் குழாய்க்கு... "நாலு அங்குலம் சார்."

"ஐயோ" என்றார் என்ஜினீயர். போனை வைத்துவிட்டார். வைத்தது மேஸ்திரியைக் கூப்பிடவா, கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் தேடவா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போட்டாள். குழிக்கும் வீட்டுக்கும் ஐந்து நிமிட நடைதான்.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"அரண்மனையிலயா இருப்பேன்? அடுப்படியிலதான். என்ன?"

"ஓடுங்க அண்ணி. குழிக்கு ஓடுங்க. அவரை வெளிய வரச் சொல்லுங்க. எதுவும் கேக்காதீங்க, ஓடுங்க, போனை வைக்காதீங்க."

நாத்தனார் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்த சத்தம் கேட்டது, கதவு சுவரில் மோதின சத்தம் கேட்டது. 

டிராலியின் வேனில் ஏறி உட்கார்ந்தபோது சைஸக்கா போனைக் காதோடு வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். கடைத்தெருவிலிருந்து குழிக்கு அரை மணி நேரம். டிராலி ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. போனுக்குள் நாத்தனாரின் மூச்சு இரைத்தது. செருப்பில்லாத கால் சேற்றில் சப் சப்பென்று விழுந்தது. நடுவில் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். "அம்மா" என்று ஒரு முனகல், பிறகு மறுபடியும் சப் சப்.

ஜெனரேட்டர் சத்தம் வந்தது. முதலில் தூரத்தில், பிறகு காதைக் கிழித்துக்கொண்டு.

"தம்பி! டேய்! தம்பியை வெளிய கூப்பிடுங்க!"

"இந்தாம்மா, அங்க போகாதீங்க. உள்ள வெட்டு நடக்குது." மேஸ்திரியின் குரல்.

"நிறுத்துய்யா! குழாய் சரியில்லையாம்!"

"யாரு சொன்னா?"

"எங்க வீட்டுப் பொண்ணு சொன்னா!"

"என்ஜினீயர் கையெழுத்துப் போட்டிருக்காரும்மா. வீட்டுல இருக்கறவங்க சொல்றதுக்கெல்லாம் நிறுத்த முடியுமா? நவுருங்க."

"நவுருறதா? உன்னைப் பெத்தவ நவுருவா! விடுய்யா கையை!"

ஒரு தள்ளுமுள்ளு. யாரோ கத்தினார்கள். "அண்ணி! அண்ணி!" என்று சைஸக்கா வேனுக்குள் அலறினாள். போன் எதன் மேலோ விழுந்த சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. இணைப்பு அறுந்துவிட்டிருந்தது.

திரும்பக் கூப்பிட்டாள். போகவில்லை. இன்னும் இருபது நிமிடத் தூரம் இருந்தது. அந்த இருபது நிமிடத்தில் சைஸக்கா என்னவெல்லாம் நினைத்தாள் என்று சொல்லப் போவதில்லை. நாமும் மனுஷர்கள்தானே, நமக்கே தெரியும். ஒன்றை மட்டும் சொல்லலாம். அவள் கண் முன்னால் அந்த வளையம் நின்றுகொண்டே இருந்தது. படுக்கும், உருளும், மறுபடி படுக்கும். டிராலி இரண்டு தடவை, "ஒண்ணும் ஆகாதுக்கா" என்றான்.

வேன் திரும்பினபோது ஜெனரேட்டர் ஓடவில்லை. அந்த அமைதிதான் அவளுக்குத் தாங்கவில்லை. குழியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள், எல்லோருடைய முதுகும் இந்தப் பக்கம் இருந்தது. இறங்கி ஓடப் பார்த்தாள், சேறு வழுக்கியது. டிராலி அவள் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான்.

முதுகுகள் விலகின. மண்மேட்டுக்கு எதிர்ப்பக்கம், கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல் வெல்டர் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் கரி. பக்கத்தில் நாத்தனார், முழங்கால்வரை சேறு, அவன் சட்டைக் காலரை ஒரு கையால் இறுகப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். விட்டால் மறுபடி உள்ளே இறங்கிவிடுவான் என்று நினைத்தாளோ என்னவோ, யார் சொல்லியும் கையை எடுக்கவில்லை.

நடந்ததை மேஸ்திரிதான் சொன்னார். உள்ளே போகிறவன் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். மேலேயிருந்து மூன்று தடவை இழுத்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். கயிற்றைப் பிடித்திருக்கிற ஆள்தான் இழுக்கலாம். "அந்த ஆளைப் பிடிச்சுத் தள்ளிட்டு இந்தம்மா இழுத்துட்டாங்க. மூணு இல்ல, முப்பது இருக்கும். வாயும் சும்மா இல்ல. எனக்கு இந்த வயசுல இவ்ளோ வசவு யாரும் குடுத்ததில்ல."

"மூணு பக்கம் வெட்டிட்டேன்" என்றான் வெல்டர், யாரையும் பார்க்காமல். "நாலாவது பக்கம் பாதி. வெட்ட வெட்ட, வெட்டின இடுக்கு மூடிக்கிட்டே வந்துச்சு. கம்பியை விட்டா கம்பி போகல. சூட்டுல இரும்பு விரியுதுன்னு நினைச்சேன்."

அது சூடு இல்லை, மேலே கிடந்த மண்ணின் பாரம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் இப்போது தெரிந்திருந்தது.

பிற்பாடு என்ஜினீயர் வந்தார். துளையின் வாயருகே இருந்தபடியே நீளமான கழியை உள்ளே விட்டு அளந்தார். அகலம் அறுபத்திரண்டு அங்குலம். உயரம் ஐம்பத்தெட்டு. இரண்டு தடவை அளந்துவிட்டுக் கழியைத் துடைத்தார். வியர்வையையும் அதே துணியால் துடைத்துக்கொண்டார்.

"நான் உங்களைப் பத்தி பைல்ல எழுதித்தான் ஆகணும்" என்றார் சைஸக்காவிடம்.

"எழுதுங்க சார்."

"என்னைப் பத்தியும் எழுதணும்" என்றார். "ஒரு கழியை விட்டு அளந்திருக்கலாம். படம் இருக்கேன்னு விட்டுட்டேன்." முட்டுக் கொடுக்க மூன்று நாள் என்றும், நாலாவது நாள் மீதியை வெட்டலாம் என்றும் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சாயங்காலம் வீட்டில் சோறு பொங்கி இறக்கியிருந்தது. நாத்தனார் காலில் குத்தியிருந்த ஓட்டாஞ்சில்லை எடுத்துவிட்டு, மஞ்சள் தடவிக் கட்டிக்கொண்டு, "எனக்குப் பசியில்ல, நீங்க தின்னுங்க" என்று உள்ளறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள். தெருவில் விளக்குப் போட்டார்கள். வெல்டர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குக் கொண்டு போகவில்லை. ஒரு ஜோக்குக்காக அவள் காத்திருந்தாள். குழாய்த் தண்ணீரை மறந்துவிட்டேன் என்றாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள்.

"டிராலி சொன்னான்" என்றான். "ரெக்கார்டர் வேறன்னு அவன் சொன்னதால நீ மாத்திப் போட்டேன்னு. அவன் மேலதான் தப்புன்னு அழறான்."

"அவன் மேல தப்பில்ல."

"பின்ன?"

அவள் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள். என்ஜினீயருக்கும் மேஸ்திரிக்கும் ரெக்கார்டர் கதையைத்தான் அவளும் சொல்லியிருந்தாள். அது பொய்யும் இல்லை. 

"முதல்ல வழக்கம்போலதான் போட்டேன்" என்றாள். "அமுங்கித் தெரிஞ்சுச்சு. நாப்பதடியும் பாத்தேன். எனக்குக் கை காலெல்லாம் விட்டுப் போச்சுங்க. நீங்க அதுக்குள்ள இருக்கற மாதிரியே தெரிஞ்சுச்சு. அப்பத்தான் ரெக்கார்டர் வேறங்கறது ஞாபகம் வந்துச்சு. மாத்திப் போட்டதும் உருண்டையாயிடுச்சு. நிம்மதியா இருந்துச்சு. டிராலிகிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு போனை எடுத்தேன். அவன் பழைய மாடல்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு வச்சுட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எது சரின்னு தெரியாம போடல. எது பயமில்லையோ அதைப் போட்டேன்." அவள் அழவில்லை. அழுதால் அவன் சமாதானம் சொல்ல வேண்டி வரும், அந்தச் சமாதானம் தனக்கு வேண்டாம் என்றிருந்தது. "உங்களைக் கொல்லப் பாத்தேன்."

அடுத்த வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே பயமா இருந்தா என்கிட்ட சொல்லு" என்றான். "படத்துகிட்ட சொல்லாத."

"உங்ககிட்ட சொன்னா சிரிக்கறீங்களே."

பிசைந்த சோற்றைத் தட்டின் ஒரு பக்கமாக ஒதுக்கினான். விரல்கள் இன்னும் கறுத்திருந்தன. எத்தனை சோப்புப் போட்டாலும் அது போக இரண்டு நாள் ஆகும்.

"நாலாவது நாள் திரும்ப எறங்கணுமா?" என்று கேட்டாள்.

"எறங்கணும். பாதி வெட்டை வேற யாரும் தொட மாட்டாங்க."

"பயமா இருக்குங்க" என்றாள்.

அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் கரிக் கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கும்தான்" என்றான். "பதினோரு வருஷமா."